சிரட்டைக்குள் இருந்த ஆயிரத்து நானூறு ரூபாய்

போன மாதம் என் மகனுக்கு இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் வேலை கிடைத்தது. நான் செய்த அதே வேலை. இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் போல அவனும் புதியவன். வேலைக்குப் போன மூன்றாம் நாள் காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அப்பா, ஆபீஸ் ரோட்டுல ஒரு பர்ஸ் கெடந்துச்சு. காசு இருக்கு. பேர் குடுக்கிற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால சொல்லிடவா?"

"சொல்லாதே!" என்று நான் கத்திய கத்தலில் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. அவனோ நான் திருடச் சொல்வதாக நினைத்துத் தொலைபேசியை வைத்துவிட்டான். பர்ஸுக்குள் அடையாள அட்டை இருந்ததாம். உரியவர் தோட்டப் பாடசாலை ஆசிரியராம். பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டானாம். மத்தியானம் அவன் அம்மாவிடம்தான் இதைச் சொன்னான். என்னோடு பேசவில்லை. நான் ஏன் கத்தினேன் என்று அவனுக்குத் தெரியாது. நேரில் சொன்னால் கேட்கவும் மாட்டான். அச்சில் வந்தால், மற்றவர்களோடு சேர்ந்தாவது படிப்பான் என்ற நம்பிக்கையில் இதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உங்கள் நியமனக் கடிதத்தில் வெளிக்கள உத்தியோகத்தர் என்று இருக்கும். எங்கள் காலத்தில் அதைக் கண்டக்டர் என்பார்கள். என் மாமியார் ரொம்ப நாள் நான் பஸ்ஸில் டிக்கட் கிழிப்பதாகவே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். ருவான்வெல்லைக்கும் கரவனெல்லைக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தில் சேர்ந்தேன். கலியாணம் முடித்து, கையில் ஒரு குழந்தையும் இருந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் தோட்டத்தை நடத்தும் துரை என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டும், தொழிலாளர்கள் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கதை.

அந்தத் தோட்டத்தில் பாக்கியம் என்றொரு பால்வெட்டுக்காரி இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருடமாக அவள் கைக்கு நிகரான கை அந்த டிவிஷனில் இல்லை என்றார்கள். ஆனால் நான் போன நேரத்தில் அவள் மரங்களில் காயம் விழத் தொடங்கியிருந்தது. கத்தி பட்டைக்குள் ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் அதுதான் காயம். அந்த இடத்தில் பிறகு பால் வராது. நான் இரண்டு தடவை எச்சரித்தேன்.

"பாக்கியம், இன்னொரு காயம் பாத்தேன்னா கத்திய வாங்கிட்டு புல்லுவெட்டுல போட்டுருவேன்."

"சரிங்க ஐயா" என்று எனக்குப் பக்கத்திலிருந்த மரத்தைப் பார்த்துச் சொன்னாள். மரியாதைக்காக முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தி போனால் கூடுதல் இறாத்தல் பாலுக்குக் கிடைக்கும் காசும் போகும். வெறும் சம்பளம்தான் மிச்சம். அந்தச் சம்பளத்தில் அவள் வீட்டில் ஆறு வயிறு. ஒரு வாய் குதிரைக்கு. அவள் புருஷன் தங்கராஜ் ஸ்டோரில் பால் உறையவைக்கும் வேலை செய்தான். ஓய்வு நேரத்தில் ருவான்வெல்லைக் கடைத்தெருவில் புக்கிக்குப் போய், தான் பார்த்தேயிராத சீமையில் ஓடும் குதிரைகள் மேல் பணம் கட்டினான். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். நல்ல மனிதன். காசைக் கண்டால் மட்டும் கால் தானாகக் கடைத்தெருப் பக்கம் நடக்கும்.

நீங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கண்டெடுத்த பணம் பாக்கியத்தினுடையது. கேகாலையில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி வாங்க அவள் சேர்த்தது. உங்களுக்கு இது தெரிந்துவிட்டது. எனக்கு அன்று தெரியாது.

மாசி மாதத்தில் இறப்பர் மரம் இலை கொட்டும். புது இலை வந்து முற்றும்வரை வெட்டு நிற்கும். பால் பிடிக்கும் சிரட்டைகளை அந்தந்த மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பால்வெட்டுக்காரர்கள் வேறு வேலைக்குப் போவார்கள். அந்தக் கிழமைகளில் மலைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். நுழைந்த ஒரே முட்டாள் நான். சும்மா இருக்கும் மலையையும் சுற்றிப் பார்க்கிறான் என்று துரை காதுக்குப் போகட்டும் என்றுதான். பாக்கியத்தின் மரங்களுக்கு நடுவே, ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில், ஒரு சிரட்டையைக் காலால் தட்டிப் புரட்டினேன். உள்ளே சிரட்டை அளவுக்கு ஒட்டுப்பால் உறைந்து கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சிரட்டையில் தங்கி உறையும் ஒட்டுப்பாலைச் சுரண்டி ஸ்டோருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். காயம் போடுகிறாள், ஒட்டுப்பாலையும் விட்டுவிட்டுப் போகிறாள்! சாட்சிக்காகச் சிரட்டையோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் காவல்காரர் அப்புஹாமி என்னைப் பார்த்தார். சிங்களவர், எங்களை விட நல்ல தமிழ் பேசுவார். ஐயாவை மட்டும் மாத்தயா என்பார்.

"என்ன மாத்தயா, அகப்பை செய்யவா? வீட்டுல கரண்டி இல்லையா?" என்றார்.

வீட்டில் முற்றத்தில் உட்கார்ந்து கத்தியால் அந்தக் கட்டியை இரண்டாக வெட்டினேன். நடுவில் பொலித்தீன். பொலித்தீனுக்குள் நூறு ரூபாய் நோட்டுகள். பதினான்கு. ஒன்றின் மூலையை என் கத்தி நறுக்கியிருந்தது. யாரோ பணத்தைச் சுற்றிச் சிரட்டைக்குள் வைத்து மேலே பாலை ஊற்றி உறையவிட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் போகாது, கறையான் அரிக்காது. எந்த வங்கியும் அப்படியொரு பெட்டி செய்ததில்லை.

என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது கீழ விழுந்து கெடந்துச்சா, இல்ல யாரும் வச்சிருந்தாங்களா?"

"சிரட்டைக்குள்ள இருந்துச்சு."

"அப்ப வச்சது. வச்சத எடுத்துட்டு வந்துட்டு, கண்டெடுத்தேன்னு சொல்றீங்க. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வைங்க."

"திருட்டுக் காசா இருந்தா?"

"திருடுனவன் பால ஊத்தி மூடி வைக்க மாட்டான். கடைக்குப் போவான்."

பதிலுக்கு நான் நேர்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

பாக்கியத்தின் மரம் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே அவள் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சொந்த மரத்தடியில் சொந்தப் பணம் வைத்தவள், கேட்டால் சொல்லாமலா இருப்பாள்? படித்தவனுக்கு இப்படித்தான் தோன்றும்.

திங்கட்கிழமைக் காலை. பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். ஏற வேண்டிய அவசியமே இல்லை.

"தோட்டத்துல ஒரு தொகை கிடைச்சிருக்கு. எவ்வளவு, எங்க இருந்துச்சு, எப்படி இருந்துச்சு, இந்த மூணையும் சரியாச் சொல்றவங்க துரைகிட்ட வாங்கிக்கலாம். சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும்தான்."

களம் அப்படியே அமைதியானது. என் நேர்மையைக் கண்டு வாயடைத்துப் போனார்கள் என்று எண்ணினேன். கலைந்த பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டேன்.

"ஒன் மரத்துப் பக்கம் யாராச்சும் வந்து போனாங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள். குரல் உடைந்திருந்தது. சளித் தடிமன் என்று நினைத்தேன்.

பணத்தைத் துரையிடம் கொடுத்தேன். துரை அமைதியை விரும்பும் மனிதர். இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "யாரும் வரல்லன்னா பாதி கோவிலுக்கு, பாதி புத்தர் பன்சலைக்கு" என்றார். "எனக்குத் தொந்தரவு வேணாம்."

பத்து மணிக்குள் ஆபீஸ் வாசலில் வரிசை. முதல் ஆள் கங்காணி.

"ஐயா, இது மாரியாத்தா காசுங்க. போன திருவிழாவுல காணாமப் போனது."

"எவ்வளவு?"

"ஆத்தா காச எண்ணி வைக்கிற வழக்கம் நமக்கு இல்லீங்களே."

அடுத்தது ஓர் அம்மாள். "நீங்க மொதல்ல தொகையச் சொல்லுங்க. சரியா தப்பான்னு நான் சொல்றேன்" என்றாள். அதற்கடுத்த கிழவர், அரசாங்கம் தோட்டத்தை எடுத்த வருடம் தொலைத்தாராம். இருபது வருடமாக ஏன் தேடவில்லை என்றேன். "நல்லவங்க யாராச்சும் வரட்டும்னு இருந்தேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை தங்கராஜ் வந்தான். தலை வாரி, திருநீறு பூசி.

"குதிரையில அடிச்சதுங்க ஐயா."

"எந்தக் குதிரை?"

"இங்கிலீசுக் குதிரைங்க. பேரு நம்ம வாய்ல வராது."

"எங்க தொலைச்சே?"

"அது தெரிஞ்சா நானே எடுத்திருக்க மாட்டனா?"

"பாக்கியத்துக்குத் தெரியுமா?"

அவன் பதறிப்போனான். "ஐயா, ஐயா! அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே மறைச்சு வச்சிருந்தேன்! அவ காதுல போட்டுறாதீங்க."

அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் பொய்யை அப்படியே திருப்பிப் போட்டால் உண்மை இருந்தது. எனக்குத் திருப்பிப் போடத் தெரியவில்லை.

புதன்கிழமை, அப்புஹாமி தேநீர்க் கடையில் கரண்டிக் கதையைச் சொன்னார். புது மாத்தயா ஒரு சிரட்டையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார் என்று. கெட்ட எண்ணத்தில் அல்ல, சிரிப்புக்காகத்தான். ஆனால் கேட்டவர்கள் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

வியாழக்கிழமை போயா, பௌர்ணமி நாள். விடுமுறை. அப்புஹாமி வெள்ளை உடுத்துப் பன்சலையில் சில் எடுத்து, பொய் சொல்வதில்லை என்பது உட்பட எட்டு விரதம் பூண்டு, உட்கார்ந்துவிட்டார். காவலே இல்லை. தோட்டம் முழுவதும் மலைக்குள் இறங்கியது. குடும்பம் குடும்பமாக, சோற்றுப் பார்சலோடு. ஒரு சிரட்டைக்குள் பணம் இருந்தால் இன்னொன்றில் இல்லாமலா போகும்? பெரிய பாறையிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு சிரட்டை கூடக் கவிழ்ந்து இருக்கவில்லை. எல்லாவற்றையும் புரட்டினார்கள். ஒன்றும் கிடைக்காத கோபத்தில் வாய் மேலே இருக்க அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பின்னேரம் நல்ல மழை. சிரட்டையெல்லாம் நிறைந்தது.

வெள்ளிக்கிழமை காலை துரை மலையைப் பார்த்துவிட்டு வந்தார். சத்தம் போடாத மனிதர் சத்தம் போட்டார்.

"நுளம்பு முட்டையிட இத்தனை தொட்டி கட்டிக் குடுத்திருக்கீங்க! திங்கக்கிழமை வெட்டு ஆரம்பம். போய்க் கவிழ்த்துங்க. நீங்களே!"

இது எங்கள் வேலை இல்லை என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆக நானும் அப்புஹாமியும். அவர் கீழ்ப்பக்கம், நான் மேற்பக்கம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சாக்கை மடித்து முக்காடாகப் போட்டுக்கொண்டோம். ஆயிரம் தடவை குனிந்து நிமிர்ந்த பிறகு ஒரு மனிதனுக்கு நேர்மையில் ஆர்வம் குறைந்துவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெரிய பாறைப் பக்கம் வந்தேன்.

அங்கே பாக்கியம் இருந்தாள். குந்தியிருந்து ஒரு சிரட்டையை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவினாள். பிறகு அதை மூக்கு முட்டும் அளவுக்கு முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வைத்துவிட்டு அடுத்த மரத்தைக் கையால் துழாவித் தொட்டாள். நீயுமா புதையல் தேடுகிறாய் என்று ஏச வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"யாரு, அப்புஹாமியா?"

எனக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி கூட இல்லை. பட்டப்பகல்.

"ம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நல்ல வேள நீ வந்தே. ஒரு ஒத்தாச பண்ணணும். யார்கிட்டயும் கியன்ன எப்பா, சொல்லிடாத, என்ன? அந்தப் புது ஐயா காதுக்கு மட்டும் போகவே கூடாது."

"ஹரி, ஹரி" என்றேன், சரி என்பதற்கு அப்புஹாமி சிங்களத்தில் சொல்வதைப் போல் தொண்டையைக் கரகரத்து.

"எனக்குக் கண்ணு போயிருச்சு அப்புஹாமி. ஒரு வருஷமா மரம் மட்டுந்தான் தெரியுது, கோடு தெரியல. கைப்பழக்கத்துல வெட்றேன். கேகாலையில கண்ணாடி போட்டா சரியாகும்னாங்க. ஆயிரத்து நானூறு ரூபா. அரிசி டின்னுல வச்சா அந்த மனுசன் எடுக்கிறான், சாமிப் படத்துக்குப் பின்னால வச்சா எடுக்கிறான். அதான் பாறையிலருந்து பதினோராவது மரத்துல பால ஊத்தி வச்சேன். இப்பக் காணல. ஒருவேள எண்ணிக்கைய மாத்தித் தொட்டுட்டேனோன்னு காலையிலருந்து தடவுறேன்."

பதினோராவது மரத்தடியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இல்லேன்னா ஐயா எடுத்தது எங்காசுதான். நான் போய்க் கேட்டா எதுக்குக் காசுன்னு கேப்பாரு. கண்ணாடிக்குன்னா கத்திய வாங்கிடுவாரு. தங்கராசு காதுல விழுந்தா குதிரை தின்னுடும். கேக்காட்டி நாளைக்கு பன்சலைக்கும் கோயிலுக்கும் போயிருமாம். திங்கக்கிழமை வெட்டு. மொத மரத்துலயே காயம் போடுவேன். புல்லுவெட்டுதான்." பிறகு குரல் ஏறியது. "அந்த ஆள் இருக்கான் பாரு, அப்புஹாமி. படிச்ச மடையன். பேருக்கு அலையறவன். கல்லு மேல ஏறி நின்னு சொல்றான், தொகை கிடைச்சிருக்காம்! ஊருக்கு நல்லவன் ஆவுறதுக்கு எங்கண்ணப் புடுங்கிட்டான். வாத்து மாதிரி நடந்துக்கிட்டு. கெழட்டு மாடு. அந்த அம்மா எப்படித்தான் அவனோட காலந்தள்ளுதோ."

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

"நாளைக்கு நீ போய் ஒன்னோட காசுன்னு சொல்லு. மூணு கேள்விக்கும் பதில் நான் சொல்லித் தந்துட்டேன். நூறு ரூபா நீ எடுத்துக்க. செய்வியா?"

நான் யார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் சொன்னால் அந்த நிமிடம் என் மனம்தான் லேசாகும். அவளுக்கு அந்த இடத்திலேயே உயிர் போகும். "ஹரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாத்து மாதிரி நடக்காமல் இருக்கக் கவனமெடுத்து, கீழே இறங்கினேன்.

உண்மையான அப்புஹாமியைத் தேடிப் பிடித்தேன். யாருடைய பணம் என்று சொல்லாமல், நாளைக்குத் துரையிடம் போய் உங்களுடையது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவர் சாக்கை எடுத்து உதறினார். "நேத்துத்தான் சில் எடுத்தேன் மாத்தயா. காலைலருந்து ராவு வரைக்கும் முழங்கால் வலிக்க உக்காந்திருந்தது, இன்னைக்கு வந்து பொய் சொல்லவா?"

"அப்ப நான் என்ன செய்யிறது?"

அவர் சாக்கை மறுபடி முக்காடாகப் போட்டார். "மாத்தயா சில் எடுக்கலதானே?"

அன்று பின்னேரம் முழுவதும் வேறு வழி தேடினேன். துரையிடம் தனியாக உண்மையைச் சொல்லலாம். ஆனால் கண் தெரியாத பால்வெட்டுக்காரி என்று கேட்ட பிறகு துரை அவளிடம் கத்தியை விட்டுவைக்க மாட்டார். அது அவருடைய கடமை. என் கைக்காசிலிருந்து கொடுக்கலாம்; கைக்காசு இருக்கவில்லை. அந்த மூன்று கேள்விக்கும் சரியான பதில் தெரிந்த, அவள் பெயர் வெளிவராமல் போய் நிற்கக்கூடிய ஆள் தோட்டத்தில் ஒருவன்தான் இருந்தான். கேள்வியைப் போட்டவன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்குத் துரையின் முன்னால் நின்றேன்.

"சேர், அந்தக் காசு என்னுடையது."

துரை பேனாவை மூடினார்.

"ஆயிரத்து நானூறு. பெரிய பாறையிலருந்து பதினோராவது மரம். சிரட்டையில ஒட்டுப்பாலுக்குள்ள. வீட்டுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சேன். அப்புறம் எந்த மரம்னு மறந்துபோச்சு. கண்டெடுத்தப்போ, என்னுதுதான்னு நிச்சயமாத் தெரியல."

"பொறுங்க, பொறுங்க. ஒங்க காச நீங்களே ஒளிச்சு, நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே பெரட்டுல சொல்லி, நீங்களே கேள்வி போட்டு, இப்ப நீங்களே பதில் சொல்லி, ஒங்ககிட்டயே குடுக்கச் சொல்றீங்க?"

"ஆமா, சேர்."

துரை என்னை ரொம்ப நேரம் பார்த்தார். திருடன் என்று நினைக்கிறாரா, பைத்தியம் என்று நினைக்கிறாரா என்று தெரியவில்லை. என் சிறிய குழந்தையின் பால்மா டின்தான் கண் முன்னால் வந்தது. வேலையை விட்டு நிறுத்தினால் திங்கட்கிழமை அதை எதைக் கொண்டு வாங்குவேன்? உண்மையைச் சொல்லி நின்ற எந்த இடத்திலும் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

கடைசியில் இரும்புப் பெட்டியைத் திறந்தார். "சோதனைக் காலம் இன்னும் மூணு மாசம் கூட்டியிருக்கு" என்றார். "காச எங்க வச்சோம்னு ஞாபகம் வைக்க முடியாதவர்கிட்ட எப்படி மலைய ஒப்படைக்கிறது?"

செய்தி எனக்கு முன்னால் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாதிப் பேர் நான் தோட்டத்துக் காசை விழுங்கிவிட்டேன் என்றார்கள். மீதிப் பேர் நான் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள். நல்லவன் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. அன்று விழுந்த 'சிரட்டை ஐயா' என்ற பெயர் நான் ஓய்வுபெறும்வரை போகவே இல்லை. தங்கராஜ் மட்டும் ஆபீஸ் வாசலில் காத்திருந்து, தோளோடு தோள் உரசும் தூரத்துக்கு வந்து, மெதுவாகக் கேட்டான்.

"ஐயாவுக்கும் குதிரைப் பழக்கம் இருக்குங்களா? சொல்லியிருந்தா நல்ல குதிரையாச் சொல்லியிருப்பேனே."

பணத்தை என் மனைவியிடம் கொடுத்து முழுக்கதையையும் சொன்னேன். அவள் மூலை வெட்டுப்பட்ட நோட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, அரிசிப் பானைக்குள் தான் ஒளித்து வைத்திருந்த ஒரு முழு நோட்டைப் பதிலுக்குச் சேர்த்தாள். அரிசிப் பானைக்குள் நோட்டு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பின்னேரம் தண்ணீர்ப் பீலியடியில் பாக்கியத்தைக் கண்டு சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொடுத்தாளாம்.

"இது ஒங்காசு. ஐயாவோட காசு இல்ல. எப்படித் தெரியும்னு கேக்காத."

"அப்புஹாமிதான் சொன்னானா?" என்று கேட்டிருக்கிறாள் பாக்கியம்.

"அப்படியே வச்சுக்க."

திங்கட்கிழமை வெட்டு தொடங்கியது. பாக்கியத்தின் பெயரை ஒரு கிழமைக்கு நாற்று மேடையில், பொலித்தீன் பையில் மண் நிரப்பும் வேலைக்குப் போட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேகாலைக்குப் போக அங்கே ஒரு நாள் லீவு எடுத்தால் யாருக்கும் தெரியாது. கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று தங்கராஜ் கேட்டதற்கு, கரவனெல்லை ஆஸ்பத்திரியில் சும்மா கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டாளாம். அவனும் மறுநாள் போய் ஒன்று கேட்டிருக்கிறான்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். பணம் கிடைத்தால் யார் தொலைத்தது என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். விழுந்ததா, வைத்ததா என்று முதலில் பாருங்கள். வைத்த பணத்துக்குப் பின்னால் ஒருவர் இருப்பார். வாய் திறக்க முடியாத ஒரு காரணமும் அவருக்கு இருக்கும். நூறு பேருக்கு முன்னால் கேட்டால் கை தூக்கக்கூடியவர்கள் எல்லோரும் தூக்குவார்கள், உரியவரைத் தவிர. அன்று மழை பெய்யாமல் இருந்திருந்தால், துரை என்னைச் சிரட்டை கவிழ்க்க அனுப்பாமல் இருந்திருந்தால், நல்ல பெயரோடு நிரந்தரமாகி, அவள் கையிலிருந்து கத்தியையும் வாங்கியிருப்பேன். அந்த நினைப்புதான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னைத் தொலைபேசியில் கத்த வைத்தது.

அடுத்த கிழமை, காலை ஏழு மணி. நானும் அப்புஹாமியும் மேல்மலைப் பாதையில் சேர்ந்து வந்தோம். பாக்கியம் மரத்தடியில் நின்றாள். கறுப்புச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி. நழுவாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு இறப்பர் பட்டி கட்டியிருந்தாள். எங்கள் காலடி கேட்டு நிமிர்ந்தாள்.

முதலில் அப்புஹாமியைப் பார்த்தாள். அவர் என் தோளுக்குத்தான் வருவார். அகலம் என்னைப் போல் இரண்டு. பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இன்னொரு தடவை அவரைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கத்தி மெதுவாகக் கீழே இறங்கியது.

அப்புஹாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன பாக்கியம், பேயக் கண்ட மாதிரி நிக்கிறே?" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

நான் தொண்டையைச் செருமினேன். ஏதாவது பேச வேண்டும் போல் இருந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்குப் பாறைப் பக்கம் நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் தப்புங்க ஐயா" என்றாள். "மிச்சமெல்லாம் சரிதான்."

அவள் மரத்தின் பக்கம் திரும்பினாள். கத்தி பட்டையில் பதிந்து, போன வெட்டின் கோட்டை ஒட்டி, சாய்வாக ஒரே ஓட்டமாக இறங்கியது. சீவல் வெங்காயத் தோல் போல் சுருண்டு விழுந்தது. மேலிருந்து கீழ்வரை காயத்தைத் தேடினேன். இல்லை. பால் கோட்டில் பூத்து, மரத்தில் செருகிய தகரத்தில் இறங்கி, சிரட்டைக்குள் சொட்டத் தொடங்கியது.

அடுத்த மரத்துக்குப் போகும்போது திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எதுன்னு கேக்க மாட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த ஆளின் மரங்களைப் பார்க்கப் போனேன்.